நாற்காலிக்கு ஸ்டே கம்பி

வெலிங்டன், நியூசிலாந்து
ஐப்பசி கடைசி

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,



போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் மரபெஞ்சின் காலில் சங்கிலி கிடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள, அந்த நாட்டுல நாற்காலியக் கூடவா கள்ளன் கொண்டு போறான்?" என்று கேட்டீர்கள். நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். உங்களுக்கு 'ஹோ' என்ற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. "அங்க மழையா?" என்றீர்கள். அதற்கும் பதில் சொன்னேன். அதுவும் 'ஹோ'தான். ஆகவே கடுதாசி.

மாமா, கள்ளனுக்குப் பயந்து போட்ட சங்கிலி இல்லை அது. கள்ளன் ராத்திரியில் வருவான், நாய் குரைத்தால் ஓடிவிடுவான். எங்களுக்கு வாய்த்தவன் பட்டப்பகலில் வருகிறான்; நாய் குரைத்தால் நாய்க்கூண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். காற்றைத்தான் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழியில் ஆயுசு முழுக்க மின்கம்பம் ஏறினவரிடம் காற்றைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் கேளுங்கள். நியூசிலாந்து என்பது பெரிதாக இரண்டு தீவு. வடதீவின் தெற்கு நுனியில் எங்கள் ஊர். இரண்டு தீவுக்கும் நடுவே குக் ஜலசந்தி. மிகக் குறுகின இடத்தில் 22 கிலோமீட்டர்தான் அகலம். இரு கரையிலும் மலைத்தொடர். நாங்கள் இருப்பது தெற்கே 41 பாகையில். இந்த மட்டத்தில் மேற்கிலிருந்து வருகிற காற்றை மறிக்க நிலமே இல்லை என்று சொல்லலாம். ஆப்பிரிக்கா 35 பாகைக்குள் முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருநிலம் 39-ஐத் தாண்டியதும் தீர்ந்துவிடுகிறது. டாஸ்மேனியா ஒன்று வழியில் நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அப்படி ஆயிரக்கணக்கான மைல் தடையில்லாமல் ஓடிவந்த காற்று எங்கள் மலைகளில் முட்டுகிறது, இடுக்கு எங்கே என்று தேடுகிறது, ஜலசந்தி வழியாக, அதாவது எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக, வெளியேறுகிறது. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று நம்ம கணவாய்க்குள் புகுந்து முப்பந்தல் காற்றாலைக் காத்தாடிகளைச் சுற்றிவிடுகிற அதே வித்தை. ஒரு வித்தியாசம்: நம்ம ஊரில் புரட்டாசி கழிந்தால் காற்று ஓய்வெடுத்துக்கொள்ளும். இங்கே அதற்கு லீவு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை இங்கே வசந்தகாலம். அப்போதுதான் இன்னும் உக்கிரம்.

திசையையும் தலைகீழாகப் பழக வேண்டியிருக்கிறது. வடமேற்கிலிருந்து வருவது அடிக்கடி வரும், பலமாக வரும், ஆனால் ஆளைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தள்ளும். தெற்கிலிருந்து வருவது அண்டார்க்டிகாப் பக்கத்துக் குளிரை அப்படியே கொண்டுவந்து கழுத்துக்குள் போடும். இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு. காலையில் வடக்குக் காற்றுக்கென்று சுவரோரம் ஒதுக்கிவைத்த நாற்காலி, மதியம் தெற்குக் காற்றுக்கு நேர் எதிரே மாட்டிக்கொள்ளும்.

ஊர்க்காரர்களுக்கு இதில் பெருமை வேறு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மிராமர் குன்றில் ஊர்ப் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்தாக வைத்திருக்கிறார்கள்; கடைசி எழுத்துகள் காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்கிற தோரணையில். 2012-ல் வைத்தது. ப்ரூக்ளின் என்ற மேட்டில் ஒரே ஒரு காத்தாடி நிற்கிறது. 1993-ல் முதலில் நட்டது 225 கிலோவாட். நம்ம பக்கத்தில் அந்தக் காலத்தில் வரிசையாக நின்றவையும் அந்த அளவுதானே. 2016-ல் அதை எடுத்துவிட்டு 900 கிலோவாட்டில் புதிது வைத்தார்கள். தைக்கு நீங்கள் இங்கே வந்ததும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். உங்கள் மகள் "அப்பாவுக்கு வேற எதையுமே காட்டமாட்டீங்களா" என்கிறாள். ஊருக்கு வெளியே ஹாக்கின்ஸ் ஹில் என்றொரு குன்றில் 1959-லும் மறுபடி 1962-லும் மணிக்கு 248 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததாகப் பதிவு இருக்கிறது. அதைச் சொல்லும்போது இங்குள்ளவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் பேரன் மாவட்டத்தில் முதலாவதாக வந்த செய்தியைத்தான் அந்த முகத்தோடு சொல்வார்கள்.

இவ்வளவு காற்றடிக்கிற ஊரில் மனுஷன் வீட்டுக்குள்ளே இருக்கலாம் அல்லவா? மாட்டார்கள். வீட்டுக்கு வீடு டெக் என்று ஒன்று இருக்கிறது. கூரையில்லாத மரத்திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியிலும் தையிலும் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அப்போது டெக்கில் உட்கார்ந்து தின்னாதவன் மனுஷனே இல்லை. 'நல்ல நாளில் வெலிங்டனை அடித்துக்கொள்ள ஊரே கிடையாது' என்பது இங்கே எல்லோரும் சொல்கிற வாக்கு. உண்மைதான். அந்த நல்ல நாள் எது என்று முந்தின நாள் யாரும் சொல்வதில்லை, அதுதான் சங்கடம். ஆகவே எல்லா நாளும் தயாராக நாற்காலி மேசை போட்டு வைக்கிறார்கள். காற்றும் எல்லா நாளும் தயாராக இருக்கிறது.

வீடு வாங்கியபோது பழைய வீட்டுக்காரர் எங்களுக்கு இரண்டு சாமான் இனாமாக விட்டுப்போனார். ஒன்று, நடுவில் ஓட்டை வைத்த கண்ணாடி மேசை. இன்னொன்று, அந்த ஓட்டையில் நட்டுவைக்கிற, மூன்று மீட்டர் அகலக் குடை. "எவ்வளவு நல்ல மனுஷன்" என்றாள் உங்கள் மகள். குடையைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பீடம். அதற்குள் தண்ணீரோ மணலோ நிரப்பிக்கொள்ளலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. தண்ணீர் என்றால் 20 கிலோ பிடிக்கும், மணல் என்றால் முப்பது சொச்சம்.

உங்களுக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் வீசுகிற காற்று, எதிரே நிற்கிற ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 12 கிலோ பாரத்துக்குத் தள்ளும். வேகம் 100 ஆனால் பாரம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகி 48 கிலோ ஆகிவிடும். விரித்த குடை பக்கவாட்டில் ஒன்றரைச் சதுர மீட்டரையாவது காற்றுக்குக் காட்டும். வெறும் 50 கிலோமீட்டர் காற்றிலேயே, தரைக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் 18 கிலோ தள்ளுகிறது என்று வையுங்கள். பீடத்தின் அகலமோ அரை மீட்டர். கடப்பாரை போட்டு நெம்புகிற கணக்குத்தான். குடைக்குக் கை நீளம், பீடத்துக்குக் கை குட்டை. சாயாமல் நிற்க வேண்டுமானால் பீடம் 140 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோமே, அந்த அம்மியில் ஒரு ஆறையாவது குடையடியில் அடுக்க வேண்டும். இதெல்லாம் காற்று பக்கவாட்டில் வந்தால். அடியில் புகுந்து மேலே தூக்கினால் கணக்கே வேறு.

தூக்கியது. ஒரு சாயங்காலம் வடமேற்குக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து குடையை அசைக்க, கம்பு மேசை ஓட்டைக்குள் நெம்ப, மேசைக் கண்ணாடி ஒரே நொடியில் கல்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிட்டது. நல்லவேளை, சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி. கத்தியாக உடையாமல் சிறு கட்டிகளாக உதிரும். இன்றைக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு கட்டி மேலே வந்து மினுங்கும். குடையைக் கீழ்த்தெரு வேலியில் கண்டெடுத்தோம். இனாமாகக் கொடுத்தவரின் நல்ல மனசு அன்றைக்குத்தான் எங்களுக்கு முழுதாக விளங்கிற்று.

அன்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா. எண்பதை நெருங்குகிறார். வாலிபத்தில் ஜலசந்தியைக் கடக்கும் கப்பல்களில் தளத்து வேலை பார்த்தவர். குடையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், "இன்னைக்குக் கொஞ்சம் காத்து இருக்கு, இல்ல?" என்றார். இவர்கள் பேச்சே அப்படி. மரம் முறிந்து காரின் மேல் விழுந்தால் கொஞ்சம் காற்று. கூரைத் தகடு பெயர்ந்து அடுத்த தெருவுக்குப் போனால் ஆமாம், நல்ல காற்றுத்தான். 2013 ஜூனில் அடித்த புயலில் கைட்டாகி என்கிற பெரிய பயணிகள் கப்பல், துறைமுகத்தில் கட்டியிருந்த வடத்தை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தக் கதையைத் தாத்தா சொல்லும்போதுகூட, கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்ட அளவுக்குத்தான் குரல் ஏறும். ஆனால் 1968 ஏப்ரல் 10 பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அன்று துறைமுக வாயிலிலேயே வாஹினே என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். அதனால்தானோ என்னவோ, கயிறு கட்டுகிற விஷயத்தில் மட்டும் தாத்தாவிடம் வேடிக்கை கிடையாது.

மறுநாள் கயிற்றுக் கட்டோடு வந்துவிட்டார். அவர் சொன்ன முதல் பாடம், "பாரத்தை நம்பாதே." எனக்கு உடனே உங்கள் ஞாபகம். கல்யாணமான புதிதில், ரோட்டு வளைவில் நிற்கிற போஸ்டைக் காட்டி, "இத நிக்க வைக்கிறது குழி இல்ல மாப்பிள, இழுத்துக் கட்டின ஸ்டே கம்பி" என்றீர்களே, அதையே இவர் இங்கிலீஷில் சொல்கிறார். டெக் பலகையில் கொக்கியை முறுக்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். பலகை மெல்லிசு, பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் ஓடுகிற சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் முறுக்க வேண்டும் என்றார். பலகையில் ஆணி வரிசை தெரிகிற இடத்துக்கு நேர் கீழேதான் சட்டம். கொக்கியும் சாதா இரும்பு கூடாது, கடல் உப்பு ஒரே வருஷத்தில் தின்றுவிடும். எவர்சில்வரிலும் 316 என்ற ரகம்தான் வேண்டுமாம். கடைக்காரன் விலையைச் சொன்னபோது வெள்ளிக் கொலுசுக் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்தக் கொக்கியிலிருந்து பெஞ்சுக்கு ஒரு சங்கிலி, நடுவில் இறுக்கிக்கொள்ள ஒரு டர்ன் பக்கிள். ஸ்டே கம்பியில் வருகிற முட்டை இன்சுலேட்டர் ஒன்றுதான் பாக்கி, மாமா. அது இருந்தால் நீங்களே லைன் கொடுத்துவிடலாம்.

மரபெஞ்சு இப்படி நிலைபெற்றது. பிரம்பு சோபாதான் பாடாய்ப் படுத்தியது. பிரம்பு என்கிறேனே தவிர அது பிளாஸ்டிக் நார். உள்ளே இருக்கிற சட்டம் குழாய் அலுமினியம். கடையில் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, "எவ்வளவு லேசு பாருங்க" என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். கடைக்குள் காற்றில்லை. லாரிக்காரர்கள் சரக்கைக் கட்டுவார்களே, அந்தப் பல்சக்கரம் வைத்த பெல்ட் ஒன்றை சோபாவுக்குக் குறுக்கே போட்டு இறுக்கினோம். சோபா அசையவில்லை. ஆனால் அன்று ராத்திரி பெல்ட் பேச ஆரம்பித்தது. முதலில் 'ம்ம்ம்' என்றது. காற்று ஏறினதும் செண்டைமேளத்துக்குத் தாவியது. உங்கள் மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "சோபாவ அவுத்து விட்டுருங்க, போய்த் தொலையட்டும்" என்றாள். விடிந்ததும் தாத்தா வந்தார். பெல்டை அவிழ்த்தார், நடுவில் ஒரே ஒரு முறுக்குக் கொடுத்துத் திரும்பவும் மாட்டினார். சத்தம் நின்றது. தட்டையாக நீளமாகக் கிடக்கிற பட்டையைக் காற்று ஒரே தாளத்தில் அதிர வைக்குமாம். ஒரு முறுக்கு விழுந்தால் தாளம் கெட்டுப்போகுமாம். பெரிய லைன் கம்பிகளில் சின்னச் சின்னக் குண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்களே, கம்பி அதிராமலிருக்கப் போடுகிற டாம்பர் என்று எனக்கு நீங்கள் காட்டினீர்களே, அதற்கும் இதற்கும் சொந்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். வந்ததும் தாத்தாவோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

மழைக்கு சோபாவை மூட ஒரு உறை வாங்கினாள் உங்கள் மகள். காற்றுப் புகாத நல்ல கெட்டி உறை. அதைப் போட்ட நிமிஷத்தில் சோபா பாய்மரம் ஏற்றுக்கொண்டது. உறை போடாத சோபா நனையும், உறை போட்ட சோபா பயணம் போகும். ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது பக்கத்தில் வலைத்துணி ஜன்னல் வைத்த உறை ஒன்று கிடைத்திருக்கிறது, பரவாயில்லை. குடையும் அப்படியே. உச்சியில் துவாரம் விட்டு, அதற்கு மேல் ஒரு குட்டிக் குடை தைத்த ரகம் விற்கிறார்கள். காற்று அதன் வழியாகப் போய்விடும். வாழை செய்கிற வேலைதான்: இலையைத் தானே கிழித்துக்கொண்டு மரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நம்ம வயலில் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்று அலட்டிக்கொள்கிறோம், பாதி வேலையை அந்த இலை செய்துவிடுகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு வேலியையும் மாற்றினோம். முன்பு இருந்தது இடைவெளி இல்லாத கெட்டிப் பலகை வேலி. அது காற்றை நிறுத்தும் என்று யாரும் நினைப்பார்கள். காற்று அதன் மேல் ஏறி, இந்தப் பக்கம் சுழன்று, நேராகத் தோசைத் தட்டில் வந்து விழும். பாதி பலகை, பாதி சந்து என்று வைத்த வேலிதான் காற்றை அடக்கும். உள்ளே கொஞ்சம் விட்டுவிட்டு, வேகத்தை வாங்கிவிடும். கடற்கரையோரம் சவுக்கு நடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒன்று விட்டு ஒன்றாகப் பலகையைப் பிடுங்கினேன். தெருவில் போகிறவர்கள், வேலி வைக்கக் காசு பத்தாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அக்கம்பக்கத்துச் செய்தியும் கொஞ்சம். இங்கே குழந்தை இருக்கிற வீட்டில் டிராம்போலின் இருக்கும். துள்ளிக் குதிக்க இரும்பு வளையத்தில் சுருள்வில்களால் விரிப்பை இழுத்துக் கட்டிய சாதனம். பெரிய காற்று அடித்த மறுநாள் நடுரோட்டில், அடுத்த வீட்டுக் கூரையில், மின்கம்பியில் என்று ஏதாவது ஒன்றில் டிராம்போலின் தொங்குகிற படம் செய்தியில் கட்டாயம் வரும். குழந்தைகளைவிட அதிகம் துள்ளுவது அந்தச் சாதனம்தான். தரையில் திருகி இறக்குகிற சுருள் முளைகள் விற்கிறார்கள், நாலு பக்கமும் அதை இறக்கினால் நிற்கும். ஆனால் காற்றடித்த மறுநாள்தான் எல்லோரும் கடைக்குப் போவார்கள்.

பெரிய சாமானைத் தேடிப் போகிறார்கள், சின்னதைத் தேடுவதில்லை. குஷன், பூந்தொட்டி, மிதியடி எல்லாம் பொதுச்சொத்து. எங்கள் டெக்கில் ஆறு குஷன் கிடக்கிறது. நாலு எங்களுடையது இல்லை. எங்களுடையதில் இரண்டு மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் சௌக்கியமாக இருப்பதை நடைப்பயிற்சியின்போது உங்கள் மகள் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டம்மா கையசைத்துப் புன்னகைத்தார்களாம். இவளும் கையசைத்துவிட்டு வந்துவிட்டாள். குப்பை எடுக்கிற நாளில் தெரு முழுக்கச் சக்கரத் தொட்டிகள் வரிசையாகப் படுத்திருக்கும். தலை எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம்.

போன தைப்பொங்கலை டெக்கிலேயே வைத்தோம். இங்கே தை என்றால் நடுக்கோடை. தோவாளைப் பூ இல்லை, ஐஸில் உறைந்த வாழையிலை கிடைத்தது. கேஸ் அடுப்பின் சக்கரத்தைப் பூட்டி, மூன்று பக்கமும் தகரம் மறைத்துப் பானையை ஏற்றினோம். பால் பொங்கிற்று. கிழக்கே வழிந்ததா, வடக்கே வழிந்ததா என்று அத்தை போனில் கேட்டார்கள். நுரை பானை விளிம்பைத் தொடவே இல்லை, அத்தை. எழும்பின இடத்திலிருந்தே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. இந்த ஊரில் வடக்குக் காற்று அடிக்கிற வருஷமெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒரே பலன்தான். பிறகு பந்தி. மேசை விரிப்புக்கு நாலு மூலையிலும் கிளிப். இலைக்கு நுனியில் ஒரு தம்ளர், அடியில் ஒரு தம்ளர். பருப்பும் நெய்யும் விழுந்ததும் இலை அடங்கியது. அப்பளம்தான் அடங்கவில்லை. வைத்த கையை எடுக்குமுன் போய்விட்டது. விருந்தாளிகள் சுதாரித்துக்கொண்டு அப்பளத்தை இலையில் வாங்காமல் நேரே வாயில் வாங்கத் தொடங்கினார்கள். தாத்தா மட்டும் அப்பளத்தின் மேல் இஞ்சிக் கறிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டார். அனுபவம் என்பது அனுபவம்தான்.

இப்போது எங்களுக்கும் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. வானிலைக்காரர்கள் நிறம் வைத்துச் சொல்வார்கள். மஞ்சள் என்றால் குஷன்கள் உள்ளே. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூணோடு கட்டிவிடுவோம். ஆரஞ்சு என்றால் மேசையைக் கவிழ்த்துவிடுவோம். கவிழ்த்த மேசைக்கு அடியில் காற்று புக இடமில்லை; நாலு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தால் பார்க்கத்தான் அவலட்சணம். குடைத்துணியைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைப்பது, அடுப்பைச் சுவரோடு சங்கிலியில் பிணைப்பது எல்லாம் அப்போதுதான். சிவப்பு என்றால் நாங்களே உள்ளே. வெளியில் கிடப்பதைக் கட்டு, இல்லையேல் உள்ளே எடு என்று பேரிடர் இலாகாவும் சொல்கிறது. தாத்தாவின் கட்சி இன்னும் கறார்: வெளியில் வைக்கிற சாமானைக் குறைத்துக்கொள் என்கிறார். அவர் டெக்கில் ஒரே ஒரு பெஞ்சு. அதையும் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். வீடு போனால்தான் அந்த பெஞ்சு போகும். என் கட்சியும் மெதுவாக அதுவாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் மகள்தான் இன்னும் எதிர்க்கட்சி. ஊஞ்சல் வாங்கலாம் என்கிறாள். ஊஞ்சல்! ஆட்டிவிட ஆளே வேண்டாம் என்பது அவள் வாதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தைக்கு வரும்போது நம்ம முற்றத்து நார்க்கட்டிலைப் பிரித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தால் இந்த ஊருக்கென்றே செய்த சாமான் அது. தாழ்ந்த கால், பின்னிய நார், மேலே விழுகிற காற்று கீழே போய்விடும், கீழே புகுகிற காற்று மேலே போய்விடும். எதைப் பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் காற்று திகைத்துவிடும். ஆனால் கொண்டுவர வேண்டாம். மரம், நார், விதை என்று எது வந்தாலும் இங்கே விமான நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் சோதிப்பார்கள். பூச்சி இருந்தால் கட்டில் போச்சு. எழுதிக் கொடுக்காமல் வந்து பிடிபட்டாலோ அதே இடத்தில் 400 டாலர் அபராதம். அத்தையின் ஊறுகாய், வற்றல், முருங்கை விதை எல்லாவற்றையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். "இது சும்மா கொஞ்சம்தான்" என்று அதிகாரியிடம் அத்தை வாதாட வேண்டாம். விமானம் இறங்கும்போது நன்றாகவே ஆடும். பக்கத்து சீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் நீங்களும் தைரியமாக இருக்கலாம்.

கட்டிலை இங்கேயே செய்துவிடலாம் என்று தாத்தா தீர்மானித்துவிட்டார். நான் செல்போனில் நம்ம கட்டில் படத்தைக் காட்டினேன். அரைமணி நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சைப்ரஸ் இனத்தில் மேக்ரோகார்பா என்றொரு மரம் இங்கே தோட்டத்து பெஞ்சுக்கெல்லாம் போடுவார்கள். அதில் ஆறடிக்கு மூன்றடியாகச் சட்டம் செய்து, காலும் பூட்டியாகிவிட்டது. பின்னுகிற வேலையில் கைவைக்க மறுக்கிறார். "உன் மாமனார் வரட்டும்" என்கிறார். நாருக்குப் பதில் எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு வாங்கலாம் என்றிருக்கிறேன். அந்தச் சட்டத்துக்கு எத்தனை மீட்டர் வாங்க? ஒற்றை இழையா, இரட்டை இழையா? கால்மாட்டில் இழுத்துக் கட்டுகிற கயிற்றைத் தொய்ந்தபோதெல்லாம் நீங்கள் முறுக்குவீர்களே, அதற்கு என்ன முடிச்சுப் போடுவீர்கள் என்று தாத்தா கேட்கச் சொன்னார். கப்பலில் அப்படி ஒரு முடிச்சு உண்டாம். உங்களுடையதும் அதுவும் ஒன்றுதானா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். படம் வரைந்து அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அத்தைக்கு. சேஃப்டி பின் ஒன்றுக்கு இரண்டு அட்டையாக எடுத்து வாருங்கள். உங்கள் புடவைக்கு மட்டுமில்லை, மாமாவின் வேட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.